நாய்க்கு வீட்டுப் பலகாரம்

நாய்க்கான தின்பண்டம் என்பது சாப்பாடு அல்ல. இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவே, வளர்ப்பவரின் கையிலிருந்து நேராக வாய்க்குப் போகும் சிறு துண்டு அது. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்ததற்கும், நகம் வெட்டும்போது அசையாமல் இருந்ததற்கும், கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்ததற்கும் கிடைக்கும் சன்மானம். தமிழ்நாட்டு வீடுகளில் இந்த இடத்தைப் பெரும்பாலும் டீயில் நனைத்துச் சாப்பிடும் பிஸ்கட்தான் பிடித்திருக்கிறது. கடையில் வாங்கும் சாதாரண குளுக்கோஸ் பிஸ்கட்டில் 100 கிராமுக்குச் சுமார் 450 கலோரியும், எடையில் ஏறத்தாழ கால் பங்கு சர்க்கரையும் இருக்கின்றன. மிச்சம் மாவும் எண்ணெயும். மனிதர்களுக்காகச் செய்யப்பட்ட இந்தப் பண்டத்தில் நாயின் உடம்புக்குத் தேவையானது அநேகமாக ஒன்றுமில்லை. கொஞ்சம் உழைத்தால், நாய்க்கென்றே ஒன்றை வீட்டு அடுப்பில் செய்துவிடலாம்.

செய்முறைக்கு முன்னால் அளவு. ஒரு நாளில் நாய்க்குப் போகும் கலோரியில் தின்பண்டத்தின் பங்கு பத்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது என்பது உலகெங்கும் கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. அன்றாடச் சாப்பாடு சரிவிகிதமாக இருந்தால் அதில் புரதம், கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின்கள் எல்லாம் ஒரு கணக்கில் சேர்ந்திருக்கும். தின்பண்டத்தில் அந்தக் கணக்கு கிடையாது. அது கூடக் கூட, சாப்பாட்டின் சமநிலை குலையும், உடம்பும் பருக்கும். குடும்பக்கட்டுப்பாடு செய்யப்பட்ட, வீட்டோடு இருக்கும் 10 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு 600 கலோரியை ஒட்டித்தான் தேவை. அதில் பத்தில் ஒன்று 60. ஐந்து கிராம் எடையுள்ள குளுக்கோஸ் பிஸ்கட் ஒன்று 22 கலோரி. மூன்றாவது பிஸ்கட்டிலேயே அந்த நாயின் பங்கு தீர்ந்துவிடும். 5 கிலோ பொமரேனியனுக்குக் கிடைப்பது 35 கலோரிதான், 25 கிலோ லாப்ரடாருக்கு 120. ஒரே வீட்டில் காலையில் தாத்தா இரண்டு, பள்ளி விட்டு வந்த பிள்ளை இரண்டு, இரவில் அப்பா இரண்டு என்று ஆளுக்குக் கொஞ்சமாகப் போடுவதில்தான் கணக்கு தவறுகிறது. அன்றைய பங்கைக் காலையிலேயே எண்ணி ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைத்து, யார் கொடுத்தாலும் அதிலிருந்தே எடுத்துக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் தீரும். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான்.

நாய்க்கென்றே பிஸ்கட் செய்து விற்கும் வழக்கம் 1860-களில் இங்கிலாந்தில் தொடங்கியது. ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் கோதுமை, காய்கறி, பீட்ரூட், இறைச்சி ஆகியவற்றைச் சேர்த்து அதைத் தயாரித்தார். இன்று அது பெரிய தொழில். நம் ஊர்க் கடைகளிலும் விதவிதமான பொட்டலங்கள் கிடைக்கின்றன. அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்பது வாங்குபவருக்கு முழுதாகத் தெரிவதில்லை. 2007 முதல் சில ஆண்டுகள் அமெரிக்காவில், பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்த உலர் இறைச்சித் துண்டுகளைத் தின்ற நாய்கள் நோயுற்றதாக ஆயிரக்கணக்கில் புகார்கள் குவிந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாகவும் அவற்றில் சொல்லப்பட்டது. அந்நாட்டின் உணவு மருந்து நிர்வாகம் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தும் இதுதான் காரணம் என்று ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வீட்டில் செய்வதன் உண்மையான லாபம் இதில்தான் இருக்கிறது. ருசியையும் செலவையும்விட, உள்ளே போனது என்ன, போகாதது என்ன என்று செய்தவருக்குத் தெரியும் என்பதே பெரிது. இரண்டில் போகாதது இன்னும் முக்கியம்.

நாயின் வாயும் வயிறும் நம்முடையவை போல அல்ல. மனித நாக்கில் சுவை மொட்டுகள் சுமார் 9,000 என்றால் நாயின் நாக்கில் 1,700 தான். அதற்குப் பண்டம் பிடிப்பதும் பிடிக்காததும் முதலில் மூக்கில் முடிவாகிறது. உப்பு, காரம், சர்க்கரை, வெல்லம் எதையும் அது கேட்பதில்லை. வெந்த ஈரலின் வாசம் போதும். லேசாகச் சூடு செய்தால் வாசம் கூடும். சாப்பிடாமல் முரண்டு பிடிக்கும் நாய்க்கு இந்த ஒரு வழியே பல நேரம் பலிக்கிறது. தானியம் நாய்க்கு ஆகாது என்று ஒரு பேச்சு பரவலாக இருக்கிறது. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட மரபணு ஆய்வு அதற்குப் பதில் சொல்கிறது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதியைக் கணையத்தில் உண்டாக்கும் மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகளே உண்டு. நாயிடம் அது 4 முதல் 30 வரை பெருகியிருக்கிறது. மனிதனோடு வாழ்ந்து, அவன் சாப்பாட்டில் பங்கு கொண்டு, கூழுக்கும் சோற்றுக்கும் நாயின் உடம்பு பழகிவிட்டது. ஆனால் மாவு நன்றாக வெந்திருக்க வேண்டும். பச்சை மாவு செரிக்காது. புளித்த மாவைப் பச்சையாக விழுங்கினால் வயிற்றின் வெப்பத்தில் அது மேலும் பொங்கி வாயு கட்டவும் கூடும். ஈஸ்ட் சேர்த்த ரொட்டி மாவு இந்த விஷயத்தில் ஆபத்தானது.

இனி சேர்க்கக் கூடாதவை. தமிழ்ச் சமையலின் அடித்தளமாக உள்ள பல பொருள்கள் இந்தப் பட்டியலில் வருகின்றன என்பதால் இந்தப் பகுதியைக் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும்.

முதலில் வெங்காயம். பெரியது, சின்னது, வெங்காயத்தாள், பொடி எதுவானாலும் அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைத் தாக்கி உடைக்கின்றன. உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போனாலே ரத்தத்தில் பாதிப்பு தெரிய வாய்ப்புண்டு. 10 கிலோ நாய்க்கு அது ஒன்றிரண்டு பெரிய வெங்காயம்தான். கொஞ்சம் கொஞ்சமாகப் பல நாள் போனாலும் பாதிப்பு சேரும். வேகவைத்தாலும் வதக்கினாலும் நஞ்சு போகாது. பூண்டு அதே இனம். எடைக்கு எடை வெங்காயத்தைவிட வீரியம் கூடியது. ரத்தம் குறைவதன் அடையாளங்கள் உடனே தெரியாமல், சில நாள் கழித்தே வெளியே வரும் என்பதால், நேற்றைய சாம்பார் சோற்றையும் இன்றைய சோர்வையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஈறு வெளுத்திருப்பதும், சிறுநீர் காப்பிநிறத்தில் போவதும் எச்சரிக்கை.

அடுத்தது திராட்சை. பச்சைத் திராட்சை, கறுப்புத் திராட்சை, பாயசத்திலும் கேசரியிலும் போடும் உலர் திராட்சை எல்லாமே நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியவை. ஒரு நாய்க்கு ஒன்றும் ஆகாத அளவு இன்னொரு நாயைச் சாகடிக்கும் என்பதால் பாதுகாப்பான அளவு என்று எதுவும் சொல்வதற்கில்லை. ஏன் இப்படி என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. அண்மையில் அமெரிக்காவின் விலங்கு நஞ்சியல் மருத்துவர்கள், திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று சுட்டிக்காட்டினார்கள். அந்த அமிலத்தின் உப்பு கலந்த விளையாட்டு மாவைத் தின்ற நாய்களுக்கும் அதே வகைச் சிறுநீரகப் பாதிப்பு வந்ததைக் கவனித்ததிலிருந்து இந்தத் தடம் கிடைத்தது. அவர்கள் 2022-இல் வெளியிட்ட கட்டுரையில் புளியைத் தின்று பாதிக்கப்பட்ட நாய்களும் இடம்பெற்றிருக்கின்றன. புளியின் புளிப்புக்குக் காரணம் இதே டார்டாரிக் அமிலம்தான். மீன்குழம்பில் மிச்சமான துண்டைக் கழுவிப் போடலாமா, ரசம் சோறு பிசைந்து வைக்கலாமா என்று யோசிக்கும் வீடுகள் இதை மனதில் கொள்ள வேண்டும். நாய்க்கானதைத் தாளிப்பதற்கும் கரைப்பதற்கும் முன்பே தனியாக எடுத்து வைத்துவிடுவது நல்லது.

சைலிட்டால் என்ற இனிப்பு நம் சமையலறைக்குப் புதியது. சர்க்கரை இல்லாதது என்று அச்சிட்ட சூயிங்கம், மிட்டாய், சில வகை வேர்க்கடலை வெண்ணெய் ஆகியவற்றில் இது இருக்கும். மனிதருக்குத் தீங்கில்லாத இது நாயின் உடம்பில் இன்சுலினைத் திடீரெனச் சுரக்கவைத்து, அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரையை இறக்கிவிடும். கிலோவுக்கு 0.1 கிராமே இதற்குப் போதும். அளவு கூடினால் கல்லீரலும் கெடும். ஆகவே கடையில் வாங்கிய வேர்க்கடலை வெண்ணெயைப் பிசையும் முன் லேபிளைப் படிக்க வேண்டும். வறுத்துத் தோல் நீக்கிய கடலையை உப்பில்லாமல் மிக்சியில் அரைத்துக்கொள்வது அதைவிட எளிது. கடலையிலும் ஒரு கவனம் வேண்டும். கறுத்த, சுருங்கிய, கசக்கும் பருப்பில் பூஞ்சைநஞ்சான அஃப்லடாக்சின் இருக்கலாம்; நாயின் கல்லீரல் அதைத் தாங்காது. நமக்கு ஆகாது என்று பொறுக்கி ஒதுக்கும் கடலையும் பூசணம் பிடித்த சோளமும் நாய்க்கும் ஆகாது.

சாக்லேட், கோகோ, காப்பித்தூள், ஜாதிக்காய், மது ஆகியவையும் விலக்கு. நெய்யும் டால்டாவும் மிதக்கும் பலகாரங்கள் கணைய அழற்சியை உண்டாக்கும். தீபாவளிக்கு மறுநாள் வாந்தியோடு வரும் நாய்களில் அதிரசமும் முறுக்கும் தின்றவை இருக்கும். வெந்த எலும்பு ஊசியாகச் சிம்புசிம்பாக உடைந்து குடலைக் குத்தும். மாங்கொட்டையும் சோளக்கதிரின் தக்கையும் குடலை அடைத்து அறுவை சிகிச்சையில் கொண்டுபோய் விடும். இவற்றில் எதையேனும் நாய் தின்றுவிட்டால் என்ன, எவ்வளவு, எப்போது என்ற மூன்று விவரத்தோடு உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்கவைக்கும் பழைய வைத்தியம் தனியே ஒரு ஆபத்து. உப்பே நஞ்சாகி வலிப்பு வரை போகலாம்.

இத்தனையையும் கழித்த பிறகும் நம் சமையலறையில் நிறையவே மிஞ்சுகிறது. கேழ்வரகு, கம்பு, கோதுமை, அரிசி மாவு, மஞ்சள் பூசணி எனப்படும் பரங்கிக்காய், கேரட், பீன்ஸ், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, முட்டை, கோழி, ஈரல், சின்ன மீன், கெட்டித் தயிர், வாழைப்பழம், விதை நீக்கிய பப்பாளி, தர்பூசணி, கொய்யா. பாலிலுள்ள லாக்டோஸ் வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குச் செரிக்காமல் பேதியாகும். தயிரில் அது குறைந்திருப்பதால் கொஞ்சமாகக் கொடுத்தால் ஒத்துக்கொள்ளும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு என்றாலும், தின்பண்டமாகப் போகும் சிறு அளவில் அது பெரிய விஷயமல்ல. வாசமும் மொறுமொறுப்பும் கெட்டுப்போகாத தன்மையும்தான் கேழ்வரகைத் தேர்ந்தெடுக்கக் காரணம்.

கேழ்வரகு-பூசணி பிஸ்கட்டிலிருந்து தொடங்கலாம். தோலும் விதையும் நீக்கிய பரங்கிக்காய்த் துண்டுகள் 100 கிராமை இட்லித் தட்டில் வைத்து ஆவியில் வேகவைக்க வேண்டும். தண்ணீரில் போட்டு வேகவைத்தால் மாவு தளர்ந்துவிடும். வெந்ததை மசித்து ஆறவிட்டு, அதில் ஒரு முட்டையும் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயும் அடித்துக்கொள்ள வேண்டும். கேழ்வரகு மாவு 150 கிராமை வாசம் வரும்வரை வெறும் வாணலியில் வறுத்து, கோதுமை மாவு 50 கிராமோடு சலித்து, மசியலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசையலாம். கேழ்வரகுக்குப் பசைத்தன்மை இல்லை. அந்தக் கோதுமையும் முட்டையும்தான் அதைச் சேர்த்துப் பிடிக்கின்றன. சப்பாத்தி மாவைவிட ஒரு பதம் கெட்டியாக வந்ததும் அரை விரல் கனத்துக்குத் தேய்த்து, கத்தியால் நெடுக்கிலும் குறுக்கிலும் கோடிட்டு நூறு துண்டுகள் ஆக்க வேண்டும். மொத்த மாவும் 800 கலோரி. ஒரு துண்டு 8. அந்த 10 கிலோ நாய்க்கு நாளைக்கு ஏழு துண்டு கொடுக்கலாம் என்பது எண்ணும்போதே தெரிந்துவிடும். கோதுமை ஒத்துக்கொள்ளாத நாய்க்கு அதற்குப் பதில் அரிசி மாவு சேர்க்கலாம். துண்டுகள் ஓரத்தில் உதிரும், அவ்வளவுதான்.

அவன் உள்ளவர்கள் 160 டிகிரியில் அரை மணி நேரம் சுட்டு, அணைத்த பிறகும் உள்ளேயே ஆறவிட்டால் ஈரம் வற்றி மொறுமொறுப்பாகும். அவன் இல்லாத வீட்டில் அடிகனமான பாத்திரம் போதும். அடியில் மணலோ கல்லுப்போ ஒரு விரல் உயரம் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடிப் பத்து நிமிடம் காயவிட வேண்டும். பிறகு பிஸ்கட் தட்டை உள்ளே வைத்து, தீயைக் குறைத்து நாற்பது நிமிடம். குக்கரில் செய்தால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும்; தண்ணீர் இல்லாமல் அழுத்தம் கட்டவிடுவது ஆபத்து. தடித்த தோசைக்கல்லில் மூடி போட்டுத் திருப்பித் திருப்பிச் சுடுவதும் சரிதான், பொறுமை கூடுதலாக வேண்டும். வெந்ததா என்று அறிய ஒரு துண்டை உடைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் கறுத்து ஈரமாக இருந்தால் இன்னும் பத்து நிமிடம். அதேசமயம் கல்லாகவும் ஆகிவிடக் கூடாது. நகத்தால் அழுத்தினால் லேசாகத் தடம் விழ வேண்டும். விழாத பண்டம் நாயின் பல்லை உடைக்கும்.

பயிற்சிக்கு இதைவிடச் சிறந்தது ஈரல். கோழி ஈரல் கால் கிலோவைக் கழுவி, உப்பு மஞ்சள் எதுவும் சேர்க்காமல், உள்ளே சிவப்பு மறையும்வரை பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகவைத்து, ஆறியதும் பட்டாணி அளவுக்கு நறுக்க வேண்டும். பிறகு தோசைக்கல்லில் எண்ணெயின்றிச் சிறுதீயில் பரப்பி, கையில் ஒட்டாத அளவுக்கு உலர்த்தினால் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடைக்குக் கிளம்பலாம். ஒரு துண்டு மூன்று கலோரிதான். ஈரலில் வைட்டமின் ஏ மிகுதி, அது உடம்பில் தங்கிச் சேரும் வகை. தினமும் கைநிறையக் கொடுத்து வந்தால் மாதக்கணக்கில் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். ஆகவே வாரத்தில் இரண்டு மூன்று நாள், சில துண்டுகள் போதும். ஈரலையும் இறைச்சியையும் பச்சையாக வெயிலில் உலர்த்துவது கூடாது. வெயிலின் சூட்டில் ஈரம் போகுமே தவிர சால்மொனெல்லா போன்ற கிருமிகள் சாகாது. கோழி இறைச்சியின் உட்புறம் 74 டிகிரியைத் தொட்ட பிறகே உலர்த்தும் வேலை. முட்டையும் வெந்தே இருக்க வேண்டும்; பச்சை வெள்ளைக்கருவிலுள்ள அவிடின் பயோட்டின் என்ற வைட்டமினைக் கட்டிப்போட்டுவிடும்.

கடற்கரை ஊர்களில் நெத்திலி மலிவாகக் கிடைக்கும் நாளில் தலை கிள்ளி, குடல் நீக்கி, ஆவியில் வேகவைத்து, கல்லில் மொறுமொறுவென்று வாட்டி எடுத்தால் வாசத்துக்கு ஈடில்லை. கருவாடு வேண்டாம். அதன் உப்பு ஊறவைத்தாலும் முழுதாக இறங்காது. கோடையில் கெட்டித் தயிரும் வாழைப்பழமும் சம அளவு அடித்து ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் வேறு சமையலே தேவையில்லை. கட்டியை அப்படியே விழுங்கும் பழக்கமுள்ள நாய்க்கு அதைத் தட்டில் உடைத்துப் போட வேண்டும்.

கொடுக்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. பெரிய துண்டு ஒன்றைவிடச் சின்னத் துண்டு நான்கு கிடைப்பதே பயிற்சிக்கு உதவும், ஒவ்வொன்றும் தனிச் சன்மானமாகிறது. நல்ல காரியம் செய்த அந்த நொடியிலேயே கொடுக்க வேண்டும். சமையலறைக்குப் போய் டப்பாவைத் திறந்து எடுத்து வருவதற்குள் நாய் எதற்கு என்பதை மறந்து, டப்பாவின் சத்தத்துக்கே வாலாட்டப் பழகிவிடும். புதுப் பண்டம் எதுவானாலும் முதல் நாள் ஒரு துண்டு மட்டும் கொடுத்து, இரண்டு நாள் மலத்தையும் தோலையும் கவனிப்பது நல்லது. நாய்களுக்கு ஒவ்வாமை தரும் உணவுகளில் மாட்டிறைச்சி, பால்பொருள், கோழி, கோதுமை ஆகியவை முன்வரிசையில் இருக்கின்றன. பாதத்தை ஓயாமல் நக்குவதும் காதைச் சொறிவதும் அதன் அடையாளமாக இருக்கலாம்.

எல்லா நாய்க்கும் ஒரே பண்டம் ஒத்துவராது. சர்க்கரை நோய் உள்ள நாய்க்கு வாழைப்பழமும் கிழங்கும் கூடாது. சிறுநீரகம் தளர்ந்த வயதான நாய்க்கு ஈரலும் மீனும் தரும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். ஆக்சலேட் கல் வந்த நாய்க்குக் கீரையும் சர்க்கரைவள்ளியும் விலக்கு. கணைய அழற்சி ஒருமுறை வந்த நாய்க்குத் தேங்காயும் கடலையும் வேண்டாம். தோல் நீக்கி வெந்த கோழி மார்புக்கறி போதும். உடம்பு பருத்த நாய்க்குப் பச்சைக் கேரட் துண்டோ வெந்த பீன்ஸோ கொடுத்தால் வாய்க்கு வேலையும் ஆகும், கலோரியும் ஏறாது. எடை சரியா என்று பார்க்க விலாவைத் தடவினாலே தெரியும். விரலுக்கு எலும்பு தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்கள் மட்டும் இதற்கு விலக்கு. பிறவியிலேயே ஒல்லியான அவற்றுக்கு விலா எலும்பு ஒன்றிரண்டு வெளியே தெரிவது இயல்பு. மெலிந்துவிட்டதே என்று இரக்கப்பட்டுத் தின்பண்டத்தைக் கூட்ட வேண்டியதில்லை.

கடையில் விற்பவை மாதக்கணக்கில் தாங்குவதற்குக் காரணம் அவற்றில் சேரும் பதப்படுத்திகளும் ஈரம் வற்றிய தன்மையும். வீட்டுப் பண்டத்துக்கு அந்த ஆயுள் கிடையாது. நன்றாக உலர்ந்த கேழ்வரகு பிஸ்கட் முழுதாக ஆறிய பிறகு இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் ஒரு வாரம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதில் பாதிதான். சூட்டோடு மூடினால் உள்ளே நீர் கோத்து மூன்றாம் நாளே பூசணம் பூக்கும். ஈரலும் மீனும் ஃபிரிட்ஜில் மூன்று நாள், ஃப்ரீசரில் ஒரு மாதம். சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டித் தேதி எழுதி ஃப்ரீசரில் வைத்து, முந்தின இரவு ஒன்றைக் கீழ்த்தட்டுக்கு மாற்றிக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேர வேலையில் மாதத் தேவை முடிந்துவிடும். ஒரு துண்டில் பச்சையாகவோ வெள்ளையாகவோ புள்ளி தெரிந்தால் அந்தத் துண்டை மட்டும் எடுத்துப் போடுவது போதாது. பூஞ்சையின் இழை கண்ணுக்குத் தெரியாமல் மற்றவற்றிலும் ஓடியிருக்கும் என்பதால் டப்பா முழுவதையும் கொட்டிவிட்டு, வெந்நீரில் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே அடுத்த ஈடு போட வேண்டும்.